மலை மேல் ஓர் அடிவயிற்று வலி: காரணங்களும், இறங்க வேண்டிய நேரமும்

ஏற்காடு மலையில் நாகலூருக்கு அப்பால் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் அன்பர் ஒருவர், தம் மனைவிக்கு எட்டு நாளாக வலப்பக்க அடிவயிற்றில் வலி வந்து வந்து போவதாக எழுதியிருக்கிறார். அவருடைய தாயார் இது உடம்புச் சூடு என்று சொல்லி விளக்கெண்ணெய் கொடுக்க நினைக்கிறார். பக்கத்து வீட்டார் குடல்வால் என்கிறார்கள். அடிவயிற்று வலிக்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம், இதற்காகச் சேலத்துக்கு இறங்கத்தான் வேண்டுமா என்பது அவர் கேள்வி. மனைவிக்கு வயது 31, இரண்டு குழந்தைகள், இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன, லேசான நீர்க்கடுப்பு உண்டு, காய்ச்சல் இல்லை. மாதவிலக்கு ஒன்பது நாள் தள்ளிப் போயிருப்பதைக் கடைசி வரியில், அறுவைதான் ஆகிவிட்டதே என்ற குறிப்போடு எழுதியிருக்கிறார்.

அந்தக் கடைசி வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். சேலத்தில் பொது அறுவை மருத்துவனாக 25 ஆண்டுகளுக்கு மேல் வயிற்று வலிக்காரர்களைப் பார்த்துவந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு அடிவயிறும் வலித்து, மாதவிலக்கும் தள்ளிப் போயிருந்தால், வேறு எதையும் எண்ணிப் பார்க்கும் முன், கருக்குழாயில் கரு தங்கியிருக்கிறதா என்பதைப் பார்த்துவிட வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு அறுவை மிகவும் நம்பத் தகுந்ததுதான். ஆனாலும் கட்டிய குழாய் அரிதாக மீண்டும் வழி விடுவதுண்டு, அப்படி அறுவைக்குப் பின்னும் உண்டாகும் கருக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கருப்பைக்குப் போய்ச் சேராமல் குழாயிலேயே தங்கிவிடுகிறது. கருப்பையைப் போல விரிந்து இடம் கொடுக்கும் தன்மை அந்தக் குழாய்க்குக் கிடையாது. கடைசி மாதவிலக்கிலிருந்து கணக்கிட்டால் பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொல்லை தொடங்கிவிடும். குழாய் கிழிந்தால் இரத்தம் வயிற்றுக்குள்ளேயே கொட்டும், வெளியே சில சொட்டுகள் தெரியலாம், ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். தலைசுற்றி விழுவது, முகம் வெளிறி வியர்ப்பது, அடிபடாமலே தோள்பட்டை நுனியில் வலிப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். வயிற்றில் தேங்கிய இரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்த, அதன் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதால், வலி தோளில் வந்து தெரிகிறது. வயிற்று வலிக்காரர் தோள் வலி என்று சொல்லும்போது அதைத் தனி நோயாக நினைத்து யாரும் ஒதுக்கிவிடக் கூடாது.

ஆகவே அன்பரே, இதை மேற்கொண்டு படிப்பதை நிறுத்தினாலும் சரி, மருந்துக் கடையிலோ உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடமோ ஒரு கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கி இன்றே பார்த்துவிடுங்கள். மாதவிலக்கு ஒன்பது நாள் தள்ளிய நிலையில் சிறுநீரிலேயே விடை பெரும்பாலும் தெளிவாகக் கிடைக்கும். இரண்டு கோடு விழுந்தால், அந்த நேரத்தில் வலி குறைந்திருந்தாலும், ஸ்கேனும் அறுவை வசதியும் உள்ள மருத்துவமனைக்கு அன்றே இறங்க வேண்டும். ஒரு கோடுதான் என்றால் பெரிய அச்சம் விலகும், மற்றக் காரணங்களை நிதானமாகப் பார்க்கலாம். தலைசுற்றலோ தோள் வலியோ இருந்தால் அட்டைக்காகக்கூடக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். உங்களை அச்சுறுத்துவதற்காக இவ்வளவு சொல்லவில்லை. ‘அறுவை ஆகிவிட்டது’ என்ற ஒரு சொல்லாலேயே இந்தக் கேள்வி கேட்கப்படாமல் போய், மறுநாள் இரத்தமெல்லாம் வடிந்த நிலையில் கொண்டுவரப்பட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிடச் சோதனை ஒன்று அவர்களுக்கு ஒரு நாளை மிச்சப்படுத்தியிருக்கும்.

இனிப் பொதுவான கேள்விக்கு வருகிறேன். வலிக்கிற இடத்தில் விரலை வைத்து, அங்கே என்ன உறுப்பு இருக்கிறது என்று தேடுவதுதான் நம் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. அடிவயிற்றில் அந்த வழி பாதித் தூரம்தான் உதவும். குடல், சிறுநீர்ப்பை, சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய், கருப்பை, சூல்பை, விதையிலிருந்து மேலேறும் நரம்பு என எல்லாமே அந்தக் கையகல இடத்தில் வந்து கூடுகின்றன. வலி எந்த மணிக்குத் தொடங்கியது, எங்கே தொடங்கி எங்கே நகர்ந்தது, வலிக்கும்போது அந்த ஆள் என்ன செய்கிறார் என்ற மூன்றும் தெரிந்தால், தொட்டுப் பார்க்கும் முன்பே மருத்துவருக்குப் பாதி விளங்கிவிடும்.

குடல்வால் அழற்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒட்டுக்குடல் என்றும் சொல்லப்படும் அது பெருங்குடலின் தொடக்கத்தில் தொங்கும், விரல் நீளமுள்ள சிறு பை. அதன் வாய் அடைபட்டு வீங்கத் தொடங்கும்போது வலி வலப்பக்கத்தில் தெரிவதில்லை; தொப்புளைச் சுற்றி, இன்ன இடம் என்று சொல்ல முடியாத மந்தமான வலியாகத் தெரியும், ஏனென்றால் குடல்வாலின் உணர்வு நரம்புகள் தொப்புளின் நரம்புகளோடு தண்டுவடத்தின் ஒரே மட்டத்தில் போய்ச் சேருகின்றன. பசி அற்றுப்போய், பிறகு ஓரிரு முறை வாந்தி வரலாம். வீக்கம் வளர்ந்து வயிற்றின் உள்சவ்வைத் தொட்ட பிறகுதான், பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள், வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி ஓரிடத்தில் நிலைகொள்ளும். தொப்புளுக்கும் வலப்பக்க இடுப்பெலும்பின் முன்முனைக்கும் ஒரு கோடு இழுத்தால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் உள்ள புள்ளியில் வலி மிகுதியாக இருக்கும். 1889-இல் நியூயார்க்கில் மெக்பர்னி என்ற அறுவை மருத்துவர் குறித்துவைத்த அந்தப் புள்ளியை இன்றும் நாங்கள் அவர் பெயராலேயே அழைக்கிறோம். இந்த வலி நின்று நின்று எட்டு நாள் நீடிப்பது வழக்கமில்லை, மணிக்கு மணி ஏறுவதே வழக்கம். அதனால்தான் உங்கள் மனைவியின் வலியைக் குடல்வால் என்று நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் குடல்வால் இடுப்புக்குழிக்குள் தொங்கினால் நீர்க்கடுப்பும் வயிற்றுப்போக்கும் போல ஏமாற்றும் என்பதால், நேரில் பார்க்காமல் விலக்கவும் மாட்டேன்.

ஒன்றை மலைவாசிகளுக்காகத் தனியே சொல்ல வேண்டும். உள்சவ்வு அழற்சியடைந்த வயிறு குலுக்கலைத் தாங்காது. வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கும்போதோ கொண்டை ஊசி வளைவில் ஆட்டும்போதோ நோயாளி வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினால், அந்த ஒரு செய்தியே எங்களுக்கு ஒரு பரிசோதனைக்குச் சமம். வழியில் எங்கே, எப்படி வலித்தது என்று கேட்பது என் வழக்கம். ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிறவர்கள் 20 வளைவுகளைக் கடந்து வருவதால் அவர்களிடம் அந்தக் கேள்விக்கு எப்போதும் தெளிவான பதில் இருக்கும்.

இதற்கு நேர்மாறானது சிறுநீர்க் கல்லின் வலி. சவ்வு அழற்சி உள்ளவர் முழங்காலை மடக்கிக்கொண்டு அசையாமல் படுத்திருப்பார். கல் வலிக்காரர் படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் புரளுவார், எழுந்து நடப்பார், சுவரைப் பிடித்துக்கொண்டு குனிவார். வலி முதுகில் விலாவுக்குக் கீழே தொடங்கி முன்பக்கம் சுற்றி அடிவயிறு, தொடையிடுக்கு, ஆண்களுக்கு விதை வரை அலை அலையாக ஓடும். சேலத்தில் இது மிகுதி என்பதில் எனக்கு வியப்பில்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் நெருப்பின் முன் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவரும், தறிக்கூடத்தில் நிற்பவரும், சங்ககிரியிலிருந்து லாரி எடுத்துக்கொண்டு வடக்கே போகிறவரும் வியர்வையில் இழக்கும் நீரைத் திரும்பக் குடிப்பதில்லை. சிறுநீர் சுண்டச் சுண்ட உப்புகள் படிகமாகின்றன. ஐந்து மில்லிமீட்டருக்குள் உள்ள கல் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும், பத்தைத் தாண்டியது அரிதாகவே வெளியேறும். வாழைத்தண்டுச் சாறு குடிப்பதை நான் தடுப்பதில்லை. ஆனால் ஒரு நாளில் வெளியேறும் சிறுநீரின் அளவு இரண்டரை லிட்டரை எட்டும்படி தண்ணீர் குடிப்பதுதான் மீண்டும் கல் சேராமல் காப்பது. பாலை நிறுத்த வேண்டியதில்லை, உப்பைக் குறைக்க வேண்டும். கல்லோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால், அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் பிடிக்கிறது என்று பொருள், அன்றிரவே மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் உள்ள நீர்க்கடுப்பைப் பற்றி விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. பெண்களுக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் வழி நான்கு சென்டிமீட்டர்தான், ஆண்களுக்கு இருபது. மலக்குடலிலுள்ள கிருமிகள் அந்தக் குறுகிய வழியில் எளிதில் ஏறிவிடுகின்றன. நவம்பரிலிருந்து ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் நாட்களில் தோட்டத்துப் பெண்கள் காலையில் சரிவில் இறங்கினால் மாலைதான் வீடு திரும்புகிறார்கள். ஒதுங்க மறைவான இடம் இல்லையே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், வந்ததையும் அடக்கிக்கொள்கிறார்கள். எத்தனையோ பெண்கள் இதைத் தலைகுனிந்து, ஏதோ தம் தவறு போலச் சொல்லியிருக்கிறார்கள். அது அவர்கள் தவறே அன்று, வேலையிடத்தில் ஒரு கழிப்பறை இல்லாததன் விளைவு. இந்த நோயில் வலி நடு அடிவயிற்றில், சிறுநீர் கழித்து முடிக்கும்போது எரிச்சலோடு வரும்; அடிக்கடி போகத் தோன்றும், போனால் கொஞ்சமே வரும். இதைத்தான் நம் வீடுகளில் சூடு என்கிறார்கள், வெந்தயமும் இளநீரும் கொடுக்கிறார்கள். நீராகாரம் நல்லதே, ஆனால் குளிர்காய்ச்சலோ முதுகு வலியோ சேர்ந்தால் கிருமி சிறுநீரகத்தை எட்டிவிட்டது என்று கொள்ள வேண்டும். மருந்துக் கடையில் இரண்டு வேளை மாத்திரை வாங்கிப் போட்டு, எரிச்சல் நின்றதும் விட்டுவிடும் பழக்கம் கிருமியை மருந்துக்கு அடங்காததாக்கி அடுத்த மாதம் திருப்பிக் கொண்டுவரும்.

பெண்களுக்கே உரிய வேறு காரணங்களும் உண்டு. இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவில், ஏறத்தாழ பதினான்காம் நாளில், ஒரு பக்கம் மட்டும் சில மணி நேரம் வலித்து நின்றால் அது சினைமுட்டை வெளிவரும் வலி, தீங்கில்லை. சூல்பையில் நீர்க்கட்டி இருந்து அது தன் காம்பில் முறுக்கிக்கொண்டால், கனமான குடத்தைத் தூக்கியபோதோ குனிந்து நிமிர்ந்தபோதோ சட்டென்று தாங்க முடியாத வலி வாந்தியோடு வரும். முறுக்கை அன்றே பிரித்தால் சூல்பையைக் காப்பாற்றலாம். கெட்ட வாடையுள்ள வெள்ளைப்படுதலும் காய்ச்சலும் இரு பக்க வலியும் சேர்ந்தால் கருக்குழாய்த் தொற்றை நினைக்க வேண்டும், கணவருக்கும் சேர்த்து மருந்து தர வேண்டியிருக்கும். மாதாமாதம் வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாத அளவு வலிக்கும் பெண்ணிடம் ‘கல்யாணம் ஆனால் சரியாகும்’ என்று சொல்லி அனுப்புவதை நான் கடுமையாக மறுக்கிறேன். கருப்பையின் உட்சவ்வு வெளியே படரும் எண்டோமெட்ரியோசிஸ் இப்படித்தான் பல ஆண்டுகள் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது.

பையன்களின் வெட்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் உள்ள ஒரு பையன் விடியற்காலையில் எழுந்து அடிவயிறு வலிக்கிறது என்று சொன்னால், விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அம்மாவிடம் அந்த இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு அடிவயிறு என்று மட்டும் சொல்வான். ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் விதை பிழைக்கும், பொழுது தள்ளத் தள்ள இழக்க நேரிடும். தந்தையோ அண்ணனோ தனியே அழைத்துப் போய், வீக்கம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். வயிற்று வலிக்கு வரும் எந்தப் பையனையும் உள்ளாடையோடு நிறுத்திச் சோதித்து அனுப்பக் கூடாது என்பது மருத்துவர்களுக்கும் உரிய விதி. பெரியவர்களில், லீ பஜாரில் மூட்டை தூக்குகிறவர்களைப் போலப் பாரம் சுமப்பவர்களுக்குத் தொடையிடுக்கில் எழும்பி அடங்கும் குடலிறக்கம், ஒரு நாள் அடங்காமல் கல்லாகக் கெட்டித்து வாந்தியோடு வலித்தால், உள்ளே அகப்பட்ட குடல் இரத்தமில்லாமல் தவிக்கிறது. அதை அழுத்தி உள்ளே தள்ளிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம்.

குழந்தைகளுக்கு வயிறு வலித்தால் இந்தப் பக்கத்தில் தொக்கம் எடுக்க, அதாவது உள்ளே சிக்கியதாகச் சொல்லும் உணவை எடுக்க, அழைத்துப் போவதும், குடலேற்றம் என்று நீவி விடுவதும் இன்னும் உண்டு. அன்பினால் செய்வதுதான், அதை நான் அறிவேன். பெரும்பாலான குழந்தை வயிற்று வலி தானே அடங்கிவிடுவதால் அந்தக் கைக்குப் பெயரும் கிடைத்துவிடுகிறது. ஆனால் அடங்காத அந்தச் சில குழந்தைகளுக்குள்ளே குடல்வால் இருக்கும். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தை வீறிட்டு அழுது ஓய்ந்து மீண்டும் வீறிட்டு, மலத்தில் சிவந்த கூழ்போல இரத்தம் போனால், குடல் குடலுக்குள் செருகிக்கொண்டிருக்கும். அந்த வயிற்றை அழுத்தி நீவினால் ஆபத்து. நுரையீரலின் அடிப்பகுதியில் சளி கட்டிய குழந்தையும் வயிறு வலிக்கிறது என்றே சொல்லும், ஆகவே மூச்சு வேகமாக வாங்குகிறதா என்று பார்ப்பது நல்லது. விளக்கெண்ணெய்க்கும் இதே காரணம்தான். வாய் அடைபட்டு வீங்கிய குடல்வாலின் அருகே குடலை வேகமாக முறுக்கிப் பிழியச் செய்வது, வெடிக்கும் நேரத்தை முன்னே இழுத்து வருவதாகும். உங்கள் தாயாரிடம் மரியாதையோடு சொல்லி, காரணம் தெரியும் வரை அதைத் தள்ளிவையுங்கள்.

மெதுவாக வரும் வலிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாதக்கணக்கில் வலப்பக்கம் வலித்து, மாலையில் காய்ச்சல் அடித்து, உடம்பு இளைத்து, வயிறு இரைந்தால் குடல் காசநோயைத் தேட வேண்டும். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடம்தான் அதற்குப் பிடித்த இடம். டைபாய்டு காய்ச்சலின் மூன்றாம் வாரத்தில் திடீரென்று வயிறு வலித்தால் குடல் துளைபட்டிருக்கலாம். வலி மலம் கழித்ததும் குறைந்து, மனக்கவலை கூடும்போது கூடி, எடை குறையாமல் ஆண்டுக்கணக்கில் இருந்தால் அது பெரும்பாலும் குடலின் உணர்ச்சி மிகுதியே. மலச்சிக்கல் எல்லோருக்கும் பொதுவானது. அறுபதைத் தாண்டியவர்களிடம் மட்டும் எதையும் லேசாக எடுக்க மாட்டேன்: இரவெல்லாம் சிறுநீர் பிரியாமல் அடிவயிறு பானை போலப் புடைத்த தாத்தாவுக்குத் தேவைப்படுவது சிறுநீரை வடிக்க ஒரு குழாய், புதிதாக மலப்போக்கு மாறி இரத்தமும் போனால் பெருங்குடல் சோதனை, நீரிழிவுக்காரருக்கோ வலியே பாதிதான் தெரியும், நோய் முழுதாக இருக்கும்.

மலையில் இருக்கிறவர்கள் நேரத்தை வேறு விதமாகக் கணக்கிட வேண்டும். நான் மேலே சொன்ன ஆறு மணி நேரமும் பன்னிரண்டு மணி நேரமும் வலி தொடங்கிய கணத்திலிருந்து ஓடத் தொடங்குகின்றன. உங்கள் ஊரிலிருந்து ஏற்காடு வர ஆகும் பொழுது, அங்கிருந்து அடிவாரத்துக்கு இறங்கும் பொழுது, பிறகு நகரத்துக்குள் போய்ச் சேரும் பொழுது எல்லாமே அதிலிருந்துதான் கழிகின்றன. மழைக்காலத்து மாலையில் மூடுபனி இறங்கிவிட்டால் வளைவுகளில் வண்டி நகராது. ஆகவே, சேலத்தில் இருப்பவருக்கு விடியட்டும் பார்க்கலாம் என்று சொல்லும் ஒரு வலிக்கு, உங்களிடம் இருட்டும் முன்னே கிளம்புங்கள் என்று சொல்வேன். ஆறு மணி நேரமாக ஓயாமல் ஏறும் வலி, தொட்டால் பலகையாக இறுகும் வயிறு, மலமும் காற்றும் பிரியாமல் வயிறு உப்பி வாந்தி, வலியோடு குளிர்காய்ச்சல், மயக்கம், கர்ப்பிணிக்கு வரும் எந்தக் கடும் வலியும் ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளம்பிவிட வேண்டும். ஏற்காடு அரசு மருத்துவமனையில் முதலில் காட்டி, அவர்கள் சொன்னால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அங்கே அறுவை, மகப்பேறு, சிறுநீரகவியல் மூன்று துறைகளும் ஒரே வளாகத்துக்குள் இருப்பது இத்தகைய வலிக்குப் பெரிய உதவி. அறுவை தேவைப்படலாம் என்று தோன்றினால் வழியில் சாப்பாடு கொடுக்க வேண்டாம். வலி மிகுந்தால் ஒரு பாராசிட்டமால் மாத்திரையை ஒரு மிடறு தண்ணீரோடு கொடுப்பதால் நோய் மறைந்துவிடாது. ஊசி போட்டு வலியை அடக்கிக்கொண்டு வீட்டிலேயே தங்கிவிடுவதுதான் தவறு.

அட்டையில் ஒரே கோடு விழுந்து, உங்கள் மனைவி நடமாடிக்கொண்டு பசியோடு சாப்பிட்டுக்கொண்டும் இருந்தால், நாளைக் காலை முதல் பேருந்தில் இறங்கிச் சிறுநீர்ச் சோதனையும் வயிற்று ஸ்கேனும் பார்த்தால் போதும். அவர் சொல்வதிலிருந்து சிறுநீர்த் தொற்றோ வலப்பக்கச் சூல்பையில் நீர்க்கட்டியோ இருக்கலாம் என்று நினைக்கிறேன். மாதவிலக்கு தள்ளிப் போவதற்கும் நீர்க்கட்டி காரணமாகலாம். அடுத்த வாரமும் மாதவிலக்கு வராவிட்டால் அட்டைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். ஒரு தாளில் வலி தொடங்கிய நாள், எந்த வேளையில் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, வாந்தி, காய்ச்சல், மலம், சிறுநீர், இதுவரை போட்ட மாத்திரைகள் ஆகியவற்றை எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள். கடைசி மாதவிலக்கு வந்த தேதியை அந்தத் தாளின் முதல் வரியில் எழுதுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும், குடும்பக் கட்டுப்பாடு செய்ததைச் சொல்லும் முன் அந்தத் தேதியைச் சொல்லச் சொல்லுங்கள்.